லித்துவேனியப் பையனை ஏன் வித்தே?

"யாரைக் கேட்டு வித்தே?"

ராய்ஸ் ஃபோனை மேஜைமேல் தள்ளினார். அது ஹார்லனின் காபிக் கோப்பையில் இடித்து நின்றது. திரையில் அவர்கள் அணியின் பதினைந்து பெயர்கள். அதில் நான்கு பெயர்களை அந்த இடத்தில் அவர் இன்று காலையில்தான் பார்த்தார்.

ஹார்லன் ஃபோனைத் தொடவில்லை. முட்டைமேல் மிளகுத்தூளைத் தூவிக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் இருவரும் ஒன்றாகப் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்கள். அதற்கப்புறம் கூட்டாளிகளாக ஒரு கற்பனைக் கூடைப்பந்து அணி நடத்தினார்கள். நிஜ ஆட்டக்காரர்களை லீக்கில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற புள்ளியெல்லாம் வைத்திருப்பவர் கணக்கில் சேரும்.

இவர்கள் லீக்கில் இருபது அணிகள். ஆளுக்குப் பதினைந்து பேரை அள்ளிக்கொண்டால், ஆட்டத்தில் பத்து நிமிஷம் ஓடுகிறவன்கூட மிஞ்சமாட்டான். ஆனால் பிடித்தவனை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அதனால் ராய்ஸுக்கு வழி ஒன்றுதான். இன்றைக்கு பெஞ்சைத் தேய்க்கிற சின்னப் பையன்களாகப் பிடித்துப் போட வேண்டும், அவர்கள் தேறிவரும்வரை தோற்றுக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஏழு வருஷமாகக் காத்திருந்தார்கள். கோப்பை எப்படி இருக்கும் என்பதையே அடுத்தவன் வீட்டு அலமாரியில்தான் பார்த்திருந்தார்கள்.

"அந்த லித்துவேனியப் பையனுக்குப் பத்தொன்பது வயசு," என்றார் ராய்ஸ். "அவன் பேரை ஒருத்தனுக்கும் உச்சரிக்கத் தெரியாத காலத்துல நான் பிடிச்சது. அவனையும் இன்னும் மூணு பசங்களையும் தூக்கிக் குடுத்துட்டு என்ன வாங்கியிருக்கே? முட்டியில கட்டுப் போட்ட நாலு கிழவனுங்க."

"அந்தக் கிழவனுங்கதான் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுக்கறானுங்க."

"இந்த வருஷம் எடுப்பானுங்க. அடுத்த வருஷம் மீன் பிடிக்கப் போயிடுவானுங்க."

"ஒரே வாரத்துல கடைசியிலேர்ந்து பதினோராவது இடத்துக்கு வந்துட்டோம். இப்படியே போனா மார்ச்சுல கோப்பை நம்மளுதுடா."

"ஒரு கோப்பையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்தப் பையன் மூணு வருஷம் கழிச்சு முழுசா வந்து நின்னா, வரிசையா தூக்கலாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்குதானே அது?"

"கணக்கு மாறிடுச்சு," என்றார் ஹார்லன்.

ராய்ஸ் ஃபோனை எடுத்து இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "யாருக்குக் குடுத்திருக்கேன்னும் பார்த்தேன். கிப்புக்கு. உன் மாப்பிள்ளைக்கு. குடும்பத்துக்குள்ளயே சொத்தை எழுதி வெச்சுட்டே, இல்ல?"

"உடனே நாலு பேரைத் தர வேற ஒருத்தனும் ஒத்துக்கல. எல்லார்கிட்டயும் கெஞ்சிப் பார்த்தேன்."

"கெஞ்சினியா? எதுக்கு இந்த அவசரம்?"

ஹார்லன் கோப்பையை முன்னால் நகர்த்தினார். பரிமாறுகிற பெண் வந்து இரண்டு கோப்பையிலும் காபி ஊற்றிவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து நகர்ந்தாள்.

"எனக்கு வயித்தெரிச்சல் டீம் போனது இல்ல," என்றார் ராய்ஸ். குரல் இறங்கியிருந்தது. "போன வாரம் பூரா எனக்கு ஊசி, ஸ்கேன்னு ஆஸ்பத்திரியிலயே போச்சு. அந்த ஒரு வாரம்தான் டீமை உன் கையில விட்டேன். டாக்டர் வாயைத் திறந்தாலே எனக்குத் தலை சுத்தும், எதுவா இருந்தாலும் நோரீன்கிட்டயே சொல்லச் சொல்லிடுவேன். வெளிய வந்து ஒண்ணும் இல்லைன்னு பொண்டாட்டி சொன்னா, எனக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். உன்னையும் அப்படித்தாண்டா நம்பினேன்."

ஹார்லன் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். முட்டையை அவர் தொடவே இல்லை.

ராய்ஸ் எழுந்து கோட்டை மாட்டினார். "இனிமே நீ தனி, நான் தனி. மாமனும் மாப்பிள்ளையுமா சேர்ந்து நடத்துங்க."

ஹார்லன் அவர் கையை எட்டிப் பிடித்தார். "மார்ச் வரைக்கும் இரு. அதுக்கப்புறம் என்னைத் துரோகின்னு சொல்லு, ஊர் பூரா சொல்லு, கேட்டுக்கறேன். அதுவரைக்கும் என்கூட உட்கார்ந்து ஆட்டம் பாரு. இந்த ஒரு தடவை நாம ஜெயிச்சுப் பார்த்துடலாம்."

ராய்ஸ் திரும்பிப் பார்த்தார். லாரி சறுக்கிப் பாலத்துச் சுவரில் மோதி, விலா எலும்பு முறிந்து கிடந்த அன்றைக்குக்கூட நகைச்சுவை பேசியவர் ஹார்லன். இப்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

ராய்ஸ் கோட்டோடு அப்படியே உட்கார்ந்தார். இந்த அவசரம். அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பேச்சை மாற்றுவது. நல்லதையெல்லாம் மகள் வீட்டுப் பக்கம் ஒப்படைத்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பார்க்க, அவருடைய கோபம் போய்விட்டது. இவ்வளவு நேரம் இந்த மனுஷனையா திட்டினோம் என்றிருந்தது.

"ஹார்லன்," என்றார் மெதுவாக. "என்கிட்ட மறைக்காதே. நான் தாங்கிக்குவேன். டாக்டர் உனக்கு எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?"

ஹார்லன் பிடித்த கையை விடவில்லை.

"எனக்கு இல்லடா. நோரீன் என்கிட்ட வந்து அழுதா."