மண்சரிவுக்குத் தனிக் காசு

மண்சரிவுக்கு மட்டும் தனியாக இருநூற்று எண்பத்தாறு ரிங்கிட் என்றான் சைஃபுல்.

மலையூரான ரிங்லெட்டில் அவன் அத்தா மூசா நடத்தும் சாப்பாட்டுக் கடை. அதன் கடைசி மேசைதான் சைஃபுலுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ். என் மகன் மகேனும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள்.

மகேன் மின்சாரக் கார் வாங்கப் போகிறான். ஈப்போவில் அவன் வேலை செய்யும் பேக்டரியில் சார்ஜ் இலவசமாம். பழைய கார் வாரத்துக்கு ஒரு தடவை நடுரோட்டில் படுத்துக்கொள்கிறது.

அவன் மனதில் இரண்டு கார்கள் இருந்தன. சின்னது விலை குறைவு, இன்சூரன்ஸ் அதிகம். பேட்டரி அடிபட்டால் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். பெரியது விலை அதிகம், இன்சூரன்ஸ் குறைவு.

மூன்று கம்பெனிகளின் விலையை சைஃபுல் லேப்டாப்பில் பக்கம் பக்கமாக வைத்தான். பேட்டரிக்குத் தனிக் காசு ஒன்று, வீட்டில் மாட்டும் சார்ஜருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். மலாயில் இருந்ததைக் கூட்டிக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

மகேன் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னான், மறுபடி போடச் சொன்னான், மொத்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

கடைசியில் மண்சரிவுக்கு வந்தான். இதை எடுத்துடு என்றான்.

அது இருக்கட்டும் என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

மகேன் சிரித்தான். "என்னப்பா, சைஃபுல் உங்களுக்கும் கமிஷன் தர்றேன்னு சொன்னானா?"

அந்தக் காசை நான் தருகிறேன் என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஈப்போ டவுனில் எந்த மலை சரியப் போகிறது என்று கேட்டான். ஒன்பது வருஷக் கடன், ஒவ்வொரு ரிங்கிட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றான்.

எனக்கு ஈப்போவைப் பற்றிக் கவலையில்லை. அவன் எங்களைப் பார்க்க வரும் நாட்களைப் பற்றித்தான்.

எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளில் கார் நிறுத்த ஒரே இடம், எங்கள் அடுப்படிக்குப் பின்னால், மேட்டுக்கு அடியில்.

தீபாவளிக்கு முந்திய மழையில் அந்த மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆள் கால் நுழையும் அகலம். தோட்ட நிர்வாகத்து ஆட்கள் வந்து நீலக் கித்தானைப் போட்டு மூடி, பறக்காமலிருக்கப் பழைய டயர்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

மாற்று வீடு இல்லை, பயமாக இருந்தால் காலி செய்துகொள்ளலாம் என்றார் தோட்ட ஆபீஸ் கிராணி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் வீடு இல்லை.

அடுத்த வருஷம் எனக்குத் தோட்டத்தில் வேலை முடிகிறது. அன்றைக்கு எப்படியும் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். இப்போதே கொடுத்துவிட்டு எங்கே போய் நிற்பது?

மழை பிடித்தால் என் மனைவி ரஞ்சிதம் முன்னறையில் செருப்பைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள். விளக்கை அணைப்பதில்லை. நானும் தூங்குவதுபோல் கிடப்பேன்.

இதை மகேனிடம் நாங்கள் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு அறை பிளாட். அதில் மருமகள், பேத்தி, மருமகளின் தாய் தகப்பன். சொன்னால் அவன்தான் என்ன செய்வான்?

பொங்கலுக்கு வந்தபோது இந்தக் கித்தான் எதற்கு என்று கேட்டான். விறகு நனையாமல் இருக்க என்றேன். தலையாட்டிக்கொண்டான்.

பேச்சை மாற்றுவதுபோல், வீட்டுக்கும் இந்த மாதிரி ஒன்று உண்டா என்று சைஃபுலைக் கேட்டேன்.

"அது தோட்டத்து வீடு லா, அங்கிள். வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் எடுக்க முடியும்."

சும்மாதான் கேட்டேன் என்றேன்.

மகேன் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தான். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

சைஃபுல் நல்ல பையன். அங்கிள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்று எனக்காகப் பேசினான். மேலே வந்தால் கார் எங்கே நிற்கும், பக்கத்தில் மேடு ஏதும் இருக்கிறதா என்று மகேனைக் கேட்டான்.

"கித்தானுக்குக் கீழ நிப்பாட்ட மாட்டேன்," என்றான் மகேன். "கோயில் திடல்ல விட்டுட்டு நடந்து போயிடுவேன்."

விறகைப் பற்றி அவன் பேசவே இல்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லித்தான் வந்தார்கள். ரஞ்சிதம் பேத்திக்குப் புதுக் கம்பளி வாங்கி வைத்திருந்தாள். பிள்ளைக்கு இருமல், குளிர் ஆகாது என்று சொல்லி, இருட்டுவதற்குள் குழந்தையைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

அன்றைக்குக் காலையிலிருந்து பிள்ளை ஒரு தடவைகூட இருமவில்லை. அது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் தேவையில்லை என்று சைஃபுல் மண்சரிவை எடுத்துவிட்டான். மொத்தம் குறைந்தது. சின்னக் காரே கட்டுப்படியாகும் போலிருந்தது.

நல்லது என்றேன்.

சைஃபுல் எங்களுக்கு இன்னும் இரண்டு தேத்தண்ணி சொல்வதற்காக எழுந்து உள்ளே போனான்.

மகேன் என் பக்கம் திரும்பவில்லை.

"பொங்கலப்பவே எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா," என்றான்.