பொய் சொல்ற மூக்கு

மூக்கு மறுபடியும் கத்திடுச்சு.

பசை ஃபேக்டரியில, கலவை ஹால் சுவத்துல மாட்டியிருக்கற சின்னப் பெட்டிக்கு வேலையாளுங்க வச்ச பேரு அது. காத்துல கெமிக்கல் ஆவி கூடினா அலாரம் அடிக்கும். அடிச்சா லைன் நின்னுடும். எல்லாரும் கால் மணி நேரம் வெளியில போயாகணும்.

பெட்டியைக் கண்டுபிடிச்ச ஆராய்ச்சிக்காரப் பையன் ஏணியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். இந்த வாரம் பூரா இதே கூத்து. மத்தியானமானா கத்துது. ஓடிப்போய்ப் பாத்தா காத்து சுத்தமா இருக்கு.

பிளானிங் அக்கா மாடிப்படியில இறங்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க.

"எப்பா விஞ்ஞானி, உன் மூக்குக்கு சளி பிடிச்சிருக்கா? வெளியில லாரி நிக்குது. உற்பத்தி பிளானை நான் எத்தனை தடவைதான் மாத்தி எழுதறது?"

"அக்கா, பெட்டியில தப்பில்ல..."

"அப்போ என் பிளான்ல தப்பா?"

மேனேஜர் சுருக்கமா முடிச்சுட்டாரு. "நாளைக்கும் சும்மா அடிச்சா கழட்டிடு. ஆராய்ச்சியையும் மூட்டை கட்டிடு."

மறுநாள் பையன் சாப்பிடக்கூடப் போகாம டிரம்முக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்.

அக்கா வந்தாங்க. கையில பிளான் போர்டு துடைக்கிற துணி, ஸ்பிரிட்ல நனைச்சது. அதைச் சுவத்துல இருந்த மூக்குக்குக் கீழ பிடிச்சாங்க.

"அக்கா, நீங்களா?"

"மெதுவாப் பேசு. வேலையாளுங்களோட டீ இடைவேளையை மேனேஜர் என் பிளான்லேர்ந்து வெட்டிட்டாரு. கெஞ்சிப் பாத்தேன், நடக்கல. இது கத்தினாத்தான் பாவம் கொஞ்சம் உக்கார்றாங்க."

"அப்போ என்னை ஏன் அந்தத் திட்டு திட்டினீங்க?"

"திட்டலன்னா என்மேல சந்தேகம் வருமே. உன் வேலைக்கே வேட்டு வைக்கும்னு நினைக்கல தம்பி. மேனேஜர்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

அதுக்குள்ள அலாரம் அடிச்சிடுச்சு. ஆளுங்க வெளியில போனாங்க, மேனேஜர் உள்ள வந்தாரு.

"கழட்டு."

அக்கா வாயைத் திறந்தாங்க. பையன் முந்திக்கிட்டான்.

"சார், மூக்கு சரியாத்தான் சொல்லுது. மத்தியானம் ஆவி சேந்துடுது. தினமும் கால் மணி நேரம் நாமளே லைனை நிறுத்தி, ஆளுங்களை அனுப்பிட்டு, காத்தோட்டம் விட்டுட்டா போதும். இப்படித் திடீர் திடீர்னு நிக்காது."

மேனேஜர் தாடையைச் சொறிஞ்சாரு.

அக்கா பையனை ஒரு பார்வை பாத்தாங்க. துணியை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, என்னைக்கும் இல்லாத சத்தத்துல ஆரம்பிச்சாங்க.

"முடியவே முடியாது சார். என் பிளான் என்ன ஆகறது? லாரிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீங்க சும்மா இருங்கம்மா. பிளான்ல போடுங்க. இது என் ஆர்டர்."

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, முணுமுணுத்துக்கிட்டே, இடைவேளையைப் போர்டுல எழுதப் போனாங்க அக்கா.

உங்க ஆபீஸ்லயும் எதுக்கெடுத்தாலும் கத்துற ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்க யாருக்காகக் கத்துறாங்கன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?