மீறாத விதி

போலீஸ் படத்தின் நாலாம் பாகத்தை மனைவியோடு பார்த்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர், வீட்டுக்குள் நுழைந்ததுமே பொரிந்து தள்ளினார்.

“வாரண்ட் இல்லாம கதவை உடைக்கிறான், கைதியைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ச் சோறு போடறான்! இவனெல்லாம் ஒரு துப்பறியற போலீஸா? நாலு பாகமா ஒரு மெமோகூடக் கிடையாது!”

மனைவி செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். “வேற என்னெல்லாம் செய்யக் கூடாதுங்க?”

“பறிமுதல் பண்ண வண்டியைத் தொடவே கூடாது. விட்டா இவன் அதையும் ஓட்டுவான்!”

செல்போன் ஒலித்தது. எடுத்தாள்.

“சொல்லுங்க, புரொடியூசர் சார். அஞ்சாம் பாகம்தானே? இப்பதான் எனக்குக் கதை கிடைச்சுது. பறிமுதல் பண்ண பைக்லயே ஹீரோ வில்லனைத் துரத்துறார்!”

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் எழுதிய நான்கு பாகங்களும் இப்படி அவர் புலம்பலில் பிறந்தவைதான்.

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்: “ஹெல்மெட்டாவது மாட்டி விடும்மா!”