புல்தரையில் செல்வம்மாள்

பெங்களூரின் அந்தப் பழைய பெரிய பூங்காவில், ராஜா காலத்து மரங்களின் கீழே காலை வெயில் திட்டுத் திட்டாக விழுந்து கிடக்கிறது. வேலை கிடைத்து இங்கே வந்துவிட்ட மகள் முத்தமிழைப் பார்க்கத் தன் ஊரான குன்னத்திலிருந்து வந்திருக்கும் செல்வம்மாள், ஒரு மரத்தடியில் குந்தியிருக்கிறாள். கண்தான் கிளைகளில் இருக்கிறது. வெங்காய வயலில் பழகிய கை, தன்பாட்டுக்குப் புல்லுக்குள் முளைத்த கோரைக் களையைப் பிடுங்கிப் பக்கத்தில் குவிக்கிறது. விசில் ஊதிக்கொண்டு வரும் காவலாளி தமிழிலேயே அதட்டுகிறான். "ஏம்மா, களை எடுக்கிறவங்கல்லாம் பின்பக்கம் போங்க. இது பார்க் பாக்க வர்றவங்க உக்காருற எடம்." செல்வம்மாள் பதறி எழப்போகிறாள், அதட்டல் கேட்டாலே எழுந்துவிடும் உடம்பு அது. முத்தமிழ் அவள் தோளை அழுத்துகிறாள். "உக்காரும்மா. இவங்க எங்கம்மா, சார். பாக்கத்தான் வந்திருக்காங்க. எந்திரிக்க மாட்டாங்க." நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். காவலாளி, செல்வம்மாளின் வெடித்த பாதத்தையும் கோரைக் குவியலையும் மாறி மாறிப் பார்க்கிறான். "அப்ப இது எதுக்காம்?" செல்வம்மாள் மெதுவாக இரண்டு காலையும் நீட்டி, மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறாள். "ஒங்க ஆளுங்க மேலாப்புல அறுத்துட்டுப் போயிருக்காங்க தம்பி. கிழங்கோட எடுக்கச் சொல்லுங்க, இல்லாட்டி மறுபடி மொளச்சிரும்," என்று ஒரு கோரையை வேரும் மண்ணுமாக அவனிடம் நீட்டுகிறாள்.