மாசி அரும்புகள்

மாசியில் பெய்யவே கூடாத மழை பெய்து, ஒட்ட வெட்டிக் கவாத்து செய்ய வேண்டிய மல்லிகைச் செடி அவசரமாக அரும்பு கட்டியிருந்தது. தமயந்தி கத்தரிக்கோலோடு நின்றாள்.

நாற்காலியில் போர்த்தி உட்கார்ந்திருந்த கணவர் குலசேகரன் சொன்னார்: "அரும்பப் பாக்காத, நறுக்கு புள்ள. அப்பத்தான் சித்திரையில பூ கொட்டும்."

அவர் சித்திரை வரை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னபோது இருவருமே எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"கொட்டினா? அத யார் தலையில வெக்கறதாம்?"

"உன் தலையிலதான். ஊர் பேசினாப் பேசட்டும்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விரியாத அரும்புகளைக் கிள்ளி, நாரில் தொடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் காலடியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அதை அவள் தலையில் சூட்டிவிட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தூறல் விழுந்தும் அவள் திரும்பவில்லை. திரும்பச் சொல்லி அவரும் கூப்பிடவில்லை.