நீலச் சீருடை, நல்ல சிவப்பு

மைக்காரர் ஒலிபெருக்கியில் ஏழாவது முறை அறிவித்தபோது மைதானத்துக் காக்கைகளுக்கே அது மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. நீலச் சீருடை. நல்ல சிவப்பு நிறம். பார்த்தவர்கள் மேடையருகே உள்ள கொட்டகைக்கு அழைத்து வரவும்."

பெயரை மட்டும் சொல்ல மாட்டார். பிள்ளை பிடிக்கிறவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை பின்னாலேயே போய்விடும் என்பது அவருடைய இருபது வருடக் கொள்கை.

விளையாட்டு விழாவுக்கு வந்த பிள்ளைகள் இரண்டாயிரம் பேர். அத்தனையும் நீலம். வானத்தைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி இருந்தது மைதானம். ஆக, அடையாளமென்று மிஞ்சியது தோல் ஒன்றுதான்.

குழந்தையின் தாய், வெளியே போகும் வாசலை விட்டு நகர மாட்டேன் என்று அங்கேயே நின்று மைக்காரரிடம் போனில் கதறினாள். வார்த்தைக்கு வார்த்தை திக்கியது. "நல்ல கலர் சார், வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி இருப்பா" என்ற இடத்தில் மட்டும் திக்கவே இல்லை. கையோடு ஒரு போட்டோவும் அனுப்பினாள். வெண்ணெயில் பிடித்து வைத்த பொம்மை மாதிரி ஒரு பெண்.

அரை மணி நேரத்தில் பதினொரு சிவப்புக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. அதில் இரண்டு பையன்கள். ஒருத்தி தலைமையாசிரியரின் மகள். அப்பா கையைப் பிடித்து நின்றவளைக் கடமை உணர்ச்சியோடு பறித்து வந்திருந்தார்கள்.

இவர்கள் போக இன்னொருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் முதல் அறிவிப்புக்கும் முன்னாலேயே வழி தவறி வந்தவள். நல்ல கறுப்பு. பெயர் கேட்டதற்கு "கரிக்குட்டி" என்றாள். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவசரமான கேஸ் முடியட்டும், அப்புறம் இவளை அறிவிக்கலாம் என்று மைக்காரர் விட்டுவைத்திருந்தார்.

"கலரான புள்ளை, எவன் தூக்கிட்டுப் போனானோ" என்று உச்சுக்கொட்டினாள் முதலுதவிப் பெட்டியோடு இருந்த நர்சம்மா. பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். "இதுக்கு பயமே இல்ல. நடு ரோட்டுல விட்டாலும் ஒருத்தன் தொட மாட்டான்."

கொட்டகையே சிரித்தது. மைக்காரரின் தொப்பை எல்லாரையும் விடப் பலமாகக் குலுங்கியது.

சிரித்த வாயைத் துடைத்துக்கொண்டு, தாய் அனுப்பிய போட்டோவைத் திறந்து போனைச் சிறுமியிடம் நீட்டினார்.

"இந்தப் பொண்ணை எங்கயாவது பாத்தியா கண்ணு?"

"எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு."

"உங்க அக்காவா?"

"நான்தான். போட்டோக்கார மாமா வெள்ளையாப் பண்ணிக் குடுத்தாரு. தினமும் நல்லா தேய்ச்சுக் குளிச்சா இப்படி ஆயிடுவேன்னு அம்மா சொன்னாங்க."

முழங்கையை மடக்கிக் காட்டினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, புண்ணாகிக் காய்ந்திருந்தது.

நர்சம்மா பெட்டிக்குள் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

மைக்காரர் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நேரம் மைக்குல கத்தறேனே, நான்தான்னு ஏம்மா சொல்லல?"

அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் ஆகலையே. அம்மா தேடுறது அவளைத்தானே."