பின்வளவுக் கல்லறைகள்

கனடாவில், மில்லிக்கனில் அந்த வீட்டை விற்பதற்கு ஏஜென்ட் அன்புராசா படாதபாடு பட்டார். பின்வளவு வேலிக்கு அப்பால், அந்தக் காலத்தில் காடு வெட்டிக் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் பதினான்கு கல்லறைகள். வந்து பார்த்த தமிழாட்கள் எல்லாரும் அதைக் கண்டதும் வீடே வேண்டாமென்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால் இன்று பின்வளவைப் பார்த்த குசினி ஜன்னலின் திரையை இழுத்து மூடிவைத்திருந்தார். கணவரோடு வீடு பார்க்க வந்த கமலாம்பிகை நேரே போய் அதைத்தான் விலக்கினார்.

"எத்தினை வருசப் பழசு, தம்பி?"

"நூற்றைம்பது இருக்கும், அக்கா."

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் கை வைக்கேல்லையோ?"

கமலாம்பிகை திரையைப் பிடித்தபடி கல்லறைகளையே பார்த்தார். பயந்துவிட்டார் என்று அன்புராசா நினைத்தார். அந்த இடத்தைத் தொடவே கூடாதென்று மாநகரசபை எழுதிவைத்திருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"யோசிக்காதேங்கோ அக்கா. வாற வருசம் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கப்போகினம்."

கமலாம்பிகை திரையை மூடினார். "அப்ப வேண்டாம், தம்பி." வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

அவருடைய கணவர் இரத்தினவேல் வாசலில் சப்பாத்தை மாட்டியபடி சொன்னார்.

"ஊரில எங்கட மகனைப் புதைச்ச இடத்தைப் போன மாதம் புல்டோசரால உழுதுபோட்டாங்களாம், தம்பி. இஞ்ச கல்லறையளை ஆரும் தொடமாட்டினம் எண்டு கேள்விப்பட்டுத்தான் அவ இந்த வீட்டைப் பாக்க வந்தவ."

"தொடமாட்டினம்தான், அண்ணை. சத்தியமாத் தொடமாட்டினம்."

இரத்தினவேல் தலையாட்டினார்.

"ஓம் தம்பி. நீங்களும் வீடு விக்கவேணுமெல்லே."